இல்லாதவரின் சிரிப்பு

வாயைத் திற என்று யாரோ கத்தினார்கள். பிணம் வாயைத் திறந்தது.

மேல் வரிசையில் ஒரு வெள்ளிப் பல் இருந்தது.

முத்துப்பேச்சியின் கை பாதியில் நின்றது. கையில் சோறும் மிளகு போட்டு வறுத்த ஆட்டு மூளையும் பிசைந்த உருண்டை. பிணம் அவளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. முகத்தில் ஊதாவும் பச்சையுமாகப் பசை அப்பியிருந்தார்கள். கன்னத்தில் ரப்பர் தோல் கிழிந்து தொங்கியது. கண்ணில் வெள்ளை வில்லை. இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பல்.

“ஊட்டுங்கக்கா, ஊட்டுங்க,” என்றான் வினோத்ராஜ். அல்லிநகரத்துக்காரன். சென்னையிலிருந்து வரும் படப்பிடிப்புக் குழுக்களுக்கு இந்தப் பக்கத்தில் ஆள் சேர்த்துக் கொடுப்பவன். கூட்டத்தையும் அவன்தான் மேய்ப்பான்.

உருண்டை விரலிடுக்கில் உதிர்ந்து தட்டில் விழுந்தது.

“கட்.” டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினார். “பிரமாதம்மா. கை நடுங்கிச்சு பாருங்க, அதுதான் வேணும். பயமும் இருக்கணும், ஆசையும் இருக்கணும்.”

“ஆசை எங்கன இருந்துச்சு?” என்றாள் முத்துப்பேச்சி. யாரும் காதில் வாங்கவில்லை.

பிணம் வாயை மூடிக்கொண்டது. பிறகு உதடு அதிகம் அசையாமல் கேட்டது:

“பேச்சி, உப்புப் போட்டியா?”

சாப்பிட உட்கார்ந்தால் முதல் வாய் வைப்பதற்கு முன்பே வரும் கேள்வி. பதினோரு வருடமாக அவள் காதில் விழாத கேள்வி. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

*

அது வாரம் ஒரு கதையாக வரும் பேய்த் தொடர். பார்க்கிறவர்கள் பயப்படவும் வேண்டும், சிரிக்கவும் வேண்டும் என்று சென்னையில் முடிவு செய்திருந்தார்கள். இந்த வாரக் கதையில் ஒரு திராட்சைத் தோட்டக்காரன் செத்துப்போகிறான். பந்தலுக்கு அடியிலேயே புதைக்கிறார்கள். எழுந்து வருகிறான். அவன் கடித்தவர்களும் எழுந்து வருகிறார்கள். ஊர் ஓடுகிறது. பெண்டாட்டி மட்டும் ஓடவில்லை. அவன் மனித மூளை கேட்கிறான். அவள் கறிக்கடைக்குப் போய் ஆட்டு மூளை வாங்கி வந்து வறுத்துப் போடுகிறாள். அவன் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை. உயிரோடு இருந்ததை விடப் பிணமாக நல்லவனாக இருக்கிறான். இருவருக்கும் காதல் வருகிறது.

சுருளிப்பட்டியில் ஒரு தோட்டத்தை மூன்று நாளைக்கு வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். பகலில் எடுத்து இரவாக்கிக்கொள்வார்கள். பந்தலுக்கு அடியில் எப்படியும் பாதி இருட்டு.

ஜாம்பி என்று வினோத்ராஜ் சொன்ன சொல் ஊர்ப் பெண்கள் வாயில் சோம்பி ஆகிவிட்டது.

“சோம்பின்னா என்னத்தா?”

“செத்த பொறவும் வேலவெட்டி இல்லாம அலையிறவனாம்.”

“அதுக்கு எதுக்குச் சாகணும்? எம் புருசன் உசுரோடயே அலையிறானே. வேன்ல ஏத்திவிடவா?”

கூட்டத்துக்கு வந்த சோம்பிகள் பாதிப்பேர் தோட்ட வேலைக்காரர்கள். மயில்துத்தம் கலந்து மருந்தடித்து அவர்கள் கைகள் ஏற்கெனவே நீலமாக இருந்தன. மேக்கப்காரர் கைகளைப் பார்த்துவிட்டு, இது போதும் என்றார். மீதிப்பேரைக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் காலையில் சும்மா நின்றவர்களிலிருந்து ஏற்றி வந்தார்கள்.

முத்துப்பேச்சி அழுவதற்கு வந்தவள். பழம் வெட்டு நாட்களில் பெட்டி அடுக்குவாள், மற்ற நாட்களில் திராட்சைக் கொத்துகளில் சொத்தையைக் கிள்ளிச் சுத்தம் செய்வாள், படப்பிடிப்பு வந்தால் அழுவாள். கம்பம் பள்ளத்தாக்கில் எடுத்த சாவு வீடு எதுவானாலும் நெருக்கமாகப் பார்த்தால் அவள் முகம் இருக்கும். கிளிசரின் வேண்டியதில்லை. எதை நினைத்து அழுகிறாய் என்று கேட்டால், பல்வலியை நினைத்துக்கொள்வேன் என்பாள்.

பெண்டாட்டி வேஷத்துக்கு வரவேண்டிய நடிகை வரவில்லை. சாவு வீட்டுக் காட்சியில் இவள் அழுததைப் பார்த்த டைரக்டர் இவளையே போட்டார். பிணமாக நடிக்க வந்த நடிகருக்கோ பசை ஒத்துக்கொள்ளாமல் முதல் நாள் மாலையே முகம் பணியாரமாக வீங்கிவிட்டது. பிணத்துக்கு எந்த முகமாக இருந்தால் என்ன என்று, கூட்டத்தில் அதே உயரமும் அதே கூனலும் உள்ள ஒரு ஆளை வினோத்ராஜ் பிடித்து உட்கார வைத்தான். அந்த ஆள் பேர் கேட்டதற்கு ராக்கையா என்றான்.

வினோத்ராஜுக்கு அந்தப் பேர் ஒரு பேர், அவ்வளவுதான்.

*

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் தொட்டியடியில் ராக்கையா தனியாக உட்கார்ந்திருந்தான். ரப்பர் தோல் அகன்றுவிடாமல் சோற்றைச் சிறிது சிறிதாக வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தான். முத்துப்பேச்சி வந்து நின்றாள்.

“எங்கன இருந்து வந்த?”

“பஸ் ஸ்டாண்டுல இருந்து. வேன்ல ஏறுங்கன்னாக. ஏறுனேன்.”

“அதக் கேக்கல.”

“வண்டன்மேட்டுல இருந்து. அவ மகன் பெரியாளாயிட்டான். எறங்கிப் போன்னான். மலையாளத்துல சொன்னான். மலையாளத்துல சொன்னா மரியாதையாத்தான் இருக்கு.”

“நான் இங்கன இருப்பேன்னு தெரியுமா?”

“நேத்து சாவு வீட்டு சீன்ல நான் வேலிக்கு அங்கிட்டு நின்னேன். சத்தம் கேட்டுச்சு. ஒன் அழுகை எனக்குத் தெரியாதா?”

“நான் அழுது நீ எப்பக் கேட்ட? நீ போன பொறவுதான அழுதேன்.”

அவன் கன்னத்து ரப்பரைச் சொறிந்தான். வெள்ளை வில்லைக்குள் கண் எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை.

“நம்ம பிள்ள வேல்விழிக்குக் கல்யாணம்னு சொன்னாக,” என்றான்.

“யாரு?”

“வரிசையில நிக்கும்போது பொணங்க பேசிக்கிட்டாக.”

“மாப்பிள்ளை வீட்டுல நீ இல்லன்னு சொல்லியிருக்கேன்.”

“நெசந்தான. நான் இங்கன இல்லையே.”

“அந்த இல்ல இல்ல.”

அது அவனுக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. சோற்றுப் பொட்டலத்தை மடித்து வைத்தான்.

“எப்படிச் செத்தேன்?”

“நான் செத்தன்னு சொல்லல. இல்லன்னேன். மிச்சத்த அவுகளா நெனச்சுக்கிட்டாக. காமாலையான்னு கேட்டாக. நான் வாயத் தொறக்கல.”

“காமாலையா. நல்ல சாவா நெனச்சிருக்கலாம்.”

“ஆவணியில கல்யாணம் முடியிற வரைக்கும் இல்லாமயே இரு. அதுக்குப் பொறவு எங்கன வேணா இரு.”

“மண்டபத்துல கூட்டத்தோட கூட்டமா நின்னு பாத்துட்டு...”

“வராத.”

“சரி,” என்றான். உடனே சொல்லிவிட்டான். அவளுக்கு அதுதான் பிடிக்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் மலைக்கு வேலைக்குப் போகிறேன் என்றபோது, தீபாவளிக்கு வந்துவிடு என்று அவள் சொன்னதற்கும் இப்படித்தான் சரி என்றான்.

“இன்னும் கொஞ்சம் சீன் பாக்கியிருக்காமே,” என்றான் ராக்கையா. “சோறு ஊட்டுறது, கையப் பிடிக்கிறது. அதோட போயிர்றேன்.”

வேறு ஆளைப் போடச் சொல்லலாம் என்று முத்துப்பேச்சி வினோத்ராஜைத் தேடிப் போனாள். அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவன் பேசி முடிக்கும்வரை நின்றாள். என்னக்கா என்று கேட்டதற்கு, மூளைக்கு உப்புக் கம்மி என்றாள்.

*

இல்லை என்ற சொல்லை அவள் தேடிப் பிடித்து வைக்கவில்லை. அது வீட்டிலேயே இருந்தது.

முதல் தீபாவளிக்கு ராக்கையா வராதபோது, அப்பா எங்கே என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று வேல்விழி வந்து சொன்னாள். இல்லைன்னு சொல்லு என்றாள். ரேஷன் கடையில் கேட்டார்கள். இல்லை என்றாள். கேரள மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய் வந்தவர்கள், அவன் வண்டன்மேட்டில் ஒருத்தியோடு இருப்பதாகச் சொன்ன பிறகு யாரும் கேட்கவில்லை. சில வருடம் பார்த்துவிட்டு ஒரு ஆடி அமாவாசையன்று சுருளி அருவிக்குப் போனாள். செத்தவர்களுக்குத் திதி கொடுக்க வந்த கூட்டம் நிறைந்திருந்தது. அதற்குள் புகுந்து அருவியில் நின்று அவனைத் தலைமுழுகினாள். தாலியை வீரபாண்டிக் கோவில் உண்டியலில் போட்டாள். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. எப்படியும் அவன் இல்லை.

வேல்விழி உத்தமபாளையத்தில் ஒரு பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். பல் பிடுங்க வந்தவன் பாண்டீஸ்வரன். டிராக்டர் கடையில் மெக்கானிக். பிடுங்க வேண்டியது ஒரு பல்தான். அதற்கு ஆறு தடவை வந்தான் என்று டாக்டரம்மா சிரித்துச் சொல்வாளாம். அவனே தன் அம்மாவை அனுப்பிப் பெண் கேட்டான்.

அம்மா குருவம்மா புருஷன் இல்லாமல் இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்த்தவள். அவள் புருஷன் செத்தவன். வந்து உட்கார்ந்ததும் முத்துப்பேச்சியின் வெறும் கழுத்தைப் பார்த்தாள்.

“பிள்ளையோட அப்பா?”

“இல்ல மதினி.”

“எங்க வீட்டுலயும் இல்ல,” என்றாள் குருவம்மா. முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “காமாலையாத்தா? எங்க வீட்டுல காமாலை.”

அந்தக் கையை உதறிவிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கலாம். கை சூடாக இருந்தது. அப்படி யாரும் பிடித்துப் பல நாள் ஆகியிருந்தது.

அவர்கள் ஊரில் விசாரித்தார்கள். ஊரும் அவன் இல்லை என்றே சொன்னது.

போகும்போது குருவம்மா சுவரைப் பார்த்து, “படம் எதும் மாட்டலையா?” என்றாள். பெரிதாக்கக் கொடுத்திருக்கிறோம் என்றாள் முத்துப்பேச்சி. அதுதான் அவள் வாய் திறந்து சொன்ன பொய். மறுநாள் கம்பத்துக்குப் போய் அந்தப் பொய்யை உண்மையாக்கினாள். வீட்டில் இருந்தது ஒரே படம். கல்யாணமான வருடம் வீரபாண்டித் திருவிழாவில் எடுத்தது. ராட்டினத்தில் சுற்றி, கம்பியில் மோதி, பல் உடைந்து, வெள்ளிப் பல் கட்டிக்கொண்டு, மறுவாரமே மறுபடி ராட்டினத்துக்குப் போய் அதன் முன்னால் நின்று சிரித்தான். அவளை வெட்டிவிட்டு அவனை மட்டும் பெரிதாக்கச் சொன்னாள். செத்தவர் படத்துக்கு இவ்வளவு சிரிப்பா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். வேற இல்லை என்றாள்.

மாலை வினோத்ராஜிடம் வாங்கியது. ஏதோ ஒரு படப்பிடிப்பில் மிஞ்சிய சந்தன மாலை. எதற்கு என்று அவன் கேட்கவில்லை. டி.வி.க்கு மேலே ஆணி அடித்து மாட்டினாள். வேல்விழி வேலையிலிருந்து வந்து பார்த்தாள்.

“இதெல்லாம் வேணாம்மா. அவர்ட்ட நானே சொல்லிர்றேன்.”

“சொல்லு. சொன்ன பொறவு மூணு முடிச்சு விழுகுமான்னு பாரு.”

வேல்விழி சொல்லவில்லை.

*

மறுநாள் கையைப் பிடிக்கும் காட்சி. பந்தலுக்கு அடியில் அவள் நிற்பாள், பிணம் மண்ணுக்குள்ளிருந்து கையை நீட்டும், அவள் பிடித்துத் தூக்கி விட வேண்டும். “வந்துட்டியா” என்று சொல்ல வேண்டும். அவளுக்கு அந்தச் சொல் வரவில்லை.

“எதுக்கு வந்த?” என்றாள்.

டைரக்டர் அதையே வைத்துக்கொண்டார். கூட்டத்துப் பெண்கள் வேலியோரம் நின்று கெக்கலித்தார்கள்.

“ஏ முத்துப்பேச்சி, கைய விடு, பொணத்துக்கு வலிக்கப்போகுது.”

“விட்டா ஓடிருமோன்னு பாக்குறா.”

பிறகு மறுபடி சோறு. இந்தத் தடவை ஊட்டினாள். அவன் மென்றான். மைக் இல்லாத காட்சி. பாட்டுப் போட்டுக்கொள்வார்கள்.

“அந்தக் காலத்துலயே வாரம் தவறாம ஒனக்கு மூளை வாங்கிப் போட்டேன்,” என்றாள் முத்துப்பேச்சி, டைரக்டர் சொன்னபடி சிரித்துக்கொண்டே. “ஏறவே இல்ல.”

“இப்ப ஏறுது.”

“இப்ப ஏறி?”

“பிள்ள யார மாதிரி இருக்கு?”

“பேசாம தின்னு. நீ பொணம்.”

அவன் தின்றான். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்து பசையில் கோடு விழுந்தது. வில்லை உறுத்துகிறது என்று சொன்னான். மேக்கப்காரர் வந்து கோட்டை அடைத்தார். கெமிஸ்ட்ரி என்றார் டைரக்டர், சென்னையில் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்றார்.

அதுதான் கடைசி நாள். மாலையில் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சோம்பிகள் வரிசையாக நின்று ஒவ்வொருவராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். பிணமாக நடித்தவர்களைச் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுத்த பிறகே அனுப்புவது சினிமாக்காரர்கள் வழக்கம். சாவு வேஷத்தோடு போனால் ஆகாது. அந்தச் சிரிப்பை யாரும் பார்ப்பதில்லை. எடுப்பார்கள், அழிப்பார்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு முத்துப்பேச்சி இன்னொன்றும் சேர்த்துச் சொல்லி வைத்திருந்தாள். முகத்தைக் கழுவிவிட்டுத்தான் சிரிக்க வேண்டும். வேஷத்தோடு சிரித்தால் சிரிப்பு பிணத்துக்குப் போய்விடும். அவளிருக்கும் இடத்தில் அதுதான் சட்டம். வினோத்ராஜும் கேட்டுக்கொள்வான்.

“அவ்வளவுதானா? எல்லாரும் சிரிச்சாச்சா?” என்று வினோத்ராஜ் கத்தினான்.

ராக்கையா வேஷத்தைக் கலைக்காமலே வேலி தாண்டிக் கம்பம் ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். பின்னாலிருந்து பார்த்தால் கூனலும் இழுத்து வைக்கும் காலும் நிஜமான பிணம் போல இருந்தது.

“அவரு சிரிக்கல,” என்றாள் முத்துப்பேச்சி.

வேலியோரம் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரையும் அவள் அவர் என்று சொல்லிக் கேட்டதில்லை.

வினோத்ராஜ் ஓடிப் போய் ராக்கையாவைத் திரும்பக் கூட்டி வந்தான். “வேணாம் பேச்சி,” என்றான் ராக்கையா மெதுவாக. “நான்தான் இல்லையே.”

“வேலைன்னா வேலை. சிரிச்சுட்டுப் போ.”

தொட்டியில் அவனை முகம் கழுவ வைத்தாள். பசை சுலபத்தில் போகவில்லை. ரப்பர் தோல் கன்னத்து முடியோடு வந்தது. உள்ளிருந்து வந்த முகம் அவள் நினைத்ததை விடக் கிழடு. தன் தோளில் கிடந்த துண்டைத் தூக்கி எறிந்தாள். பச்சைக் கரை போட்ட துண்டு. அவன் துடைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் போய் நின்றான்.

முதலில் வரவில்லை. பிறகு வேலியோரத்துப் பெண்களைப் பார்த்தான். அதில் இரண்டு பேருக்கு அவனைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அதற்குப் பிறகு சிரித்தான். வெள்ளிப் பல் தெரிய, ராட்டினத்து முன்னால் நின்றது போல.

“சூப்பர்ண்ணே,” என்றார் கேமராக்காரர்.

அவன் அவளிடம் துண்டைக் கொடுக்க வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொடர் வந்தது. குருவம்மாவும் பாண்டீஸ்வரனும் வந்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சடித்து வந்திருந்தது. பெண்ணின் அப்பா பேருக்கு முன்னால் தெய்வத்திரு என்று போட்டிருந்தது. அதைக் காட்டிவிட்டு, சம்பந்தி நடித்ததை எல்லோருமாகச் சேர்ந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தார்கள். வேல்விழி காப்பி கொண்டு வந்தாள். பாண்டீஸ்வரன் டம்ளரை வாங்கும்போது அவளைப் பார்த்தான். குருவம்மா பார்க்காத மாதிரி டி.வி.யைப் பார்த்தாள்.

முகம் முழுக்கப் பசை. யாருக்கும் யாரையும் தெரியவில்லை. முத்துப்பேச்சி மூச்சை விட்டாள்.

கறிக்கடைக் காட்சியிலேயே குருவம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மதினி, இம்புட்டு நடிப்ப வச்சுக்கிட்டுப் பெட்டி அடுக்குறீகளே. அந்தப் பொணத்துக்கு ஊட்டும்போது மூஞ்சியப் பாருங்க. கட்டுன புருசனுக்குக்கூட இப்பிடி ஊட்டியிருக்க மாட்டீக.”

“இல்ல மதினி,” என்றாள் முத்துப்பேச்சி.

“எதுக்கு வந்த” என்று டி.வி.யில் அவள் கேட்டபோது பாண்டீஸ்வரன் சத்தமாகச் சிரித்தான். வேல்விழி சிரிக்கவில்லை. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும்.

பிணமும் பெண்டாட்டியும் கைகோத்துப் பந்தலுக்கு அடியில் நடந்து போனார்கள். கதை முடிந்தது. பேர்கள் ஓட ஆரம்பித்தன. ரிமோட்டை எடுக்க முத்துப்பேச்சி எழுந்தாள்.

“இருங்க மதினி, ஒங்க பேரு வருதான்னு பாப்போம்.”

பேர்களுக்குப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் சோம்பிகள் ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். சென்னையில் யாருக்கோ அது வேடிக்கையாக இருந்திருக்கிறது. அழிக்காமல் சேர்த்துவிட்டார்கள். தோட்டத்து ஆள் ஒருவன் சிரித்தான். பஸ் ஸ்டாண்டு ஆள் ஒருவன் சிரித்தான். பிறகு கழுத்தில் பச்சைக் கரைத் துண்டோடு ராக்கையா. முதலில் அவனுக்கு வரவில்லை. அதையும் வெட்டாமல் வைத்திருந்தார்கள். எங்கோ திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

குருவம்மாவும் கூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்போடு கண் மேலே போனது. டி.வி.க்கு மேலே, சந்தன மாலைக்குள், அதே சிரிப்பு.

சோப்பு விளம்பரம் வந்தது.

“அது யாரு?” என்றாள் குருவம்மா.

முத்துப்பேச்சி ரிமோட்டை எடுத்தாள்.

“ஏலே பாண்டி, நீ பாத்தியா?”

“பாத்தேம்மா.”

“அம்மா, அது நம்ம துண்டு,” என்றாள் வேல்விழி.

முத்துப்பேச்சி ரிமோட்டைப் பிடித்தபடி நின்றாள். “அவருதான்,” என்றாள்.

“இல்லன்னீகளே?”

“இல்லதான் மதினி. பதினோரு வருசமா இல்ல. வண்டன்மேட்டுல ஒருத்தியோட இருந்தாரு.”

“எங்கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னீக.”

“நீங்கதான் பிடிச்சீக.”

குருவம்மா காப்பி டம்ளரைத் தரையில் வைத்தாள். பாதிக் காப்பி இருந்தது. சத்தம் போடவில்லை.

“ஓடிப்போனவன் மகள நான் எடுத்திருப்பேன். எங்க வகையறாவுல ஓடுனவுக இல்லையா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்திருப்பேன். எம்புருசன் செத்ததுக்கு நான் மாலை போட்டிருக்கேன். நீங்க உசுரோட இருக்கவனுக்குப் போட்டிருக்கீக. அதுக்குக் கீழ உக்காந்து காப்பி குடிச்சிருக்கேன். இந்த வீட்டுல இனிக் கை நனைக்க மாட்டோம்.”

“அம்மா, விடும்மா,” என்றான் பாண்டீஸ்வரன்.

“எந்திரிலே.”

அவன் இன்னொரு தடவை சொல்வான் என்று முத்துப்பேச்சி பார்த்தாள். சொல்லவில்லை. எழுந்தான். வேல்விழியைப் பார்த்தான். அவள் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குருவம்மா பத்திரிகை மாதிரியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

“அதக் கழட்டுங்க. பாவம், எங்கனயோ நல்லாச் சிரிச்சுக்கிட்டு இருக்கான்.”

பைக் சத்தம் தெருமுனை திரும்பியது. வேல்விழி டம்ளர்களை எடுத்தாள். குருவம்மா வைத்த காப்பியைக் கழுவுமிடத்தில் கொட்டினாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

“அந்தாளு சும்மாப் போயிருப்பாரு. நீதான சிரிக்கச் சொன்ன?”

“சிரிக்காமப் போனா ஆகாது.”

“யாருக்கு?”

முத்துப்பேச்சி டி.வி.யை நிறுத்தினாள்.

*

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் மலைப்பக்கம் மேகம் இருந்தது, மழை இல்லை. தோட்டத்தில் பழம் வெட்டு. முத்துப்பேச்சி போனாள். பழைய தாளை விரித்துப் பெட்டிகளை அடுக்கினாள். யாரும் தொடரைப் பற்றிப் பேசவில்லை. ஒருத்தி மட்டும், மூளை வறுவல் நன்றாக இருந்ததா என்று கேட்டாள். உப்புக் கம்மி என்றாள்.

வேல்விழி வேலைக்குப் போனாள். டிராக்டர் கடைக்கு முன்னால் நிற்கும் பஸ்ஸில் ஏறாமல் அடுத்ததில் போனாள். பாண்டீஸ்வரனின் மாமா ஒருவர் பகலில் வந்து, பரிசம் போட்டபோது வைத்த தட்டையும் சேலையையும் கேட்டார். பூட்டிய வீட்டில் யாரும் இல்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கம்பம் பஸ் ஸ்டாண்டில் கல்லூரிப் பையன்கள் ராக்கையாவை அடையாளம் கண்டுகொண்டார்கள். அவனோடு நின்று படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தான். பச்சைக் கரைத் துண்டு கழுத்தில் இருந்தது.

மாலையில் வினோத்ராஜ் போன் செய்தான். தொடர் நன்றாகப் போயிருக்கிறது என்றான். அடுத்த மாதம் போடியில் ஒரு சாவு வீடு இருக்கிறது, வர முடியுமா என்றான். வருகிறேன் என்றாள். உங்கள் மாலை ஒன்று என்னிடம் இருக்கிறது, வரும்போது கொண்டுவருகிறேன் என்றாள். அது உங்களிடமே இருக்கட்டும் என்றான். வேண்டாம் என்றாள்.

நாற்காலி போட்டு ஏறி மாலையைக் கழற்றிப் பையில் வைத்தாள். படம் அப்படியே இருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. குடங்களை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள்.